ஆணத்தில் கூட்டும் தண்ணீர்

சகோதர வியாபாரிகளே!

சிக்கனம் நல்ல குணம் என்பதை மறுப்பார் யாருமில்லை. தட்டுப்பாடு வந்துவிட்டால் அரசாங்கமும் சொல்லும், பத்திரிகைகளும் சொல்லும், ஜும்ஆ மேடையிலும் சொல்வார்கள்: வீண் செலவு செய்யாதீர்கள், இருப்பதைக் கொண்டு குடும்பம் நடத்துங்கள் என்று. கடையில் நிற்கும் நாமும் சாமான் வாங்க வருகிறவர்களிடம் அதையே சொல்லி வைக்கிறோம். சொல்வது சரிதான். ஆனால் அரிசி விற்கிறவனுக்கு, அரிசி வாங்குகிறவளைப் பார்த்துச் சிக்கனம் உபதேசிக்கும் உரிமை எப்போது உண்டாகிறது? அடுப்படியில் நற்குணமாயிருக்கும் சிக்கனம், கிடங்குக்குள் போனதும் வேறு பெயர் பெற்றுவிடுகிறதே, அது ஏன்? இதைச் சற்று ஆராய்வோம்.

இந்நாடு கண்ட பெரிய தட்டுப்பாடு ஜப்பானியர் காலத்தது. யுத்தத்துக்கு முன் மலாயா உண்ட அரிசியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு பர்மா, சயாம் முதலிய தேசங்களிலிருந்து வந்துகொண்டிருந்தது. 1941 டிசம்பரில் ஜப்பானியர் கோத்தபாருவில் வந்திறங்கினர். 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தது. கப்பல் போக்குவரத்துக் குலைந்தது. அரிசி வரவு சுருங்கியது. ரப்பர் வாங்க ஆளில்லை. தோட்டங்களில் வேலையும் கூலியும் குறைந்தன. ஆண்கள் பலர் சயாம் ரயில் பாதை வேலைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். அவர்களில் பல்லாயிரம் தமிழ்த் தொழிலாளர் திரும்பி வரவில்லை. ஆண் போன வீட்டில் அடுப்பெரிக்கும் பாரம் பெண்ணின் தலையில் விழுந்தது. சிரம்பான், போர்ட்டிக்சன், தம்பின், பகாவ் பக்கத்துத் தோட்டங்களுக்கும் இதே கதிதான்.

அந்தப் பெண்கள் என்ன செய்தார்கள்? லயத்துக்குப் பின்னால் மண்ணைக் கொத்தி மரவள்ளியும் சர்க்கரைவள்ளியும் ஊன்றினார்கள். கசப்பு மரவள்ளியில் விஷம் உண்டு. தோலை உரித்து, துண்டு போட்டு, தண்ணீரில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு நன்றாக வேகவைத்தால்தான் தின்னலாம். கிழங்கைச் சீவி வெயிலில் உலர்த்தி இடித்தால் மாவு. அந்த மாவில் புட்டும் ரொட்டியும் ஆயின. மரவள்ளிக் கொழுந்து கீரையாயிற்று. ஒரு பிடி அரிசி அகப்பட்டால் அதைச் சோறாக்குவதில்லை. கஞ்சியாகக் காய்ச்சினால் நாலு பேர் குடிக்கலாம். இதே அறிவைத்தான் நம்முடைய நோன்புக் கஞ்சியிலும் காண்கிறோம். கொஞ்சம் அரிசி, கொஞ்சம் பாசிப்பருப்பு, வெந்தயம், இஞ்சி, பூண்டு, தேங்காய்ப்பால். மற்றதெல்லாம் தண்ணீரும் நெருப்பும் கிளறுகிற கையும்தான். ஒரு தேக்சாவில் ஒரு மஹல்லாவே நோன்பு திறந்துவிடுகிறது.

இந்தக் கெட்டிக்காரத்தனத்தைப் பாராட்டுவது சுலபம். ஆனால் சிக்கனத்தால் ஆகாததும் உண்டு. கிழங்கை மாத்திரம் தின்று உடம்பு நிலைக்காது. கால் வீங்கும் பெரிபெரி நோய் அக்காலத்தில் ஜனங்களை வாட்டியது. நமது நெகிரி செம்பிலானிலேயே அதற்கு இன்னொரு சாட்சி இருக்கிறது. சிங்கப்பூரில் உணவு போதாமல், ஜனத்தொகையைக் குறைப்பதற்காக, 1943 கடைசியில் கத்தோலிக்கக் குடும்பங்களைப் பகாவுக்கு அருகே காட்டில் கொண்டுவந்து குடியேற்றினார்கள். தங்கள் உணவைத் தாங்களே பயிரிட்டுக்கொள்ள வேண்டும் என்பது ஏற்பாடு. உழைப்பாளிகள்தான், ஆனால் மண் வளமில்லை, மலேரியாவோ கொடியது. நூற்றுக்கணக்கானோர் மடிந்தார்கள். அவர்களோடு வந்து குடியிருந்த பிஷப் அட்ரியன் தெவால்ஸும் காலில் ஏற்பட்ட காயம் முற்றி 1945 ஜனவரியில் காலமானார். உள்ளதைக் கொண்டு வாழ்வது ஒரு திறமை. ஆனால் ஒன்றுமே இல்லாத இடத்தில் திறமை என்ன செய்யும்?

ஆகவே தட்டுப்பாட்டுக் காலத்தில் ஒரு குடும்பம் பிழைப்பது சமைக்கிறவளின் கையில் பாதி. பண்டத்தை வைத்திருக்கிறவன் கையில் பாதி. அந்த இரண்டாவது கை யாருடையது? பெரும்பாலும் வியாபாரியினுடையது. ஜப்பானியர் காலத்தில் கள்ளச்சந்தை கொழித்தது. வாழைமரப் படம் போட்ட நோட்டுகளைச் சிலர் மூட்டை மூட்டையாகச் சேர்த்தார்கள். 1945-ல் ஜப்பான் சரணடைந்து ஆங்கிலேயர் திரும்பியதும் அந்த நோட்டு செல்லாது என்றாகிவிட்டது. பசித்தவனிடம் பிடுங்கிச் சேர்த்த லாபம் வெறுங்காகிதமாயிற்று. பசித்தவன் மனத்தில் எழுதிய கணக்கு மட்டும் செல்லாததாகவில்லை.

நிற்க. மார்க்கம் இதில் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். அபூதர் (ரலி) அவர்களுக்கு நாயகம் (ஸல்) அவர்கள் சொன்ன புத்திமதியை நாமெல்லாரும் கேட்டிருக்கிறோம்: ஆணம் காய்ச்சினால் தண்ணீரைக் கூட்டு, அண்டை வீட்டாரைக் கவனி என்பது அதன் கருத்து. வீட்டுச் சிக்கனத்துக்கு இதைவிட நல்ல பாடம் ஏது? ஆனால் கவனிக்க வேண்டும். தண்ணீர் கூட்டச் சொன்னது மிச்சம் பிடிப்பதற்காக அன்று. இன்னொரு கிண்ணம் நிரம்புவதற்காக.

அதே நாயகம் (ஸல்) அவர்கள் மதீனாவின் சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டார்கள். மேலே உலர்ந்திருந்தது, உள்ளே ஈரம். மழையில் நனைந்தது என்று வியாபாரி சொன்னதை ஏற்காமல், நனைந்ததை ஜனங்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்க வேண்டாமா என்று கேட்டு, ஏமாற்றுகிறவன் நம்மைச் சேர்ந்தவன் அல்லன் என்று எச்சரித்தார்கள். உமர் (ரலி) அவர்கள் காலத்தில், பாலில் தண்ணீர் கலக்கச் சொன்ன தாயிடம், கலீபா பார்க்காவிட்டாலும் கலீபாவைப் படைத்தவன் பார்க்கிறான் என்று மறுத்த பெண்ணின் வரலாறும் நமக்குத் தெரியும்.

தண்ணீர் ஒன்றுதான். ஆணத்தில் கூட்டினால் நன்மை. பாலில் கலந்தால் பாவம். தானியத்தில் மறைத்தாலும் பாவம். வித்தியாசம் எங்கே இருக்கிறது? கூடிய அளவு யாருக்குப் போகிறது என்பதில் இருக்கிறது. சிக்கனத்துக்கும் கஞ்சத்தனத்துக்கும், சேமிப்புக்கும் பதுக்கலுக்கும் உரைகல் இது ஒன்றே. யூசுப் (அலை) அவர்கள் ஏழு வருஷம் தானியத்தைக் கதிரோடு சேர்த்து வைத்தார்கள். விளைந்த காலத்தில் வைத்தார்கள், இல்லாத காலத்தில் கொடுத்தார்கள். பதுக்குகிறவனோ இல்லாத காலத்தில் வாங்கி வைக்கிறான், இன்னும் இல்லாத காலம் வரட்டும் என்று காத்திருக்கிறான். இரண்டு கிடங்கும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும்.

"அப்படியானால் லாபம் வைக்கக் கூடாதா? மொத்த விலை ஏறினால் நாங்கள் எப்படிப் பிழைப்பது?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். லாபம் ஹலால். விலை ஏறிய ஒரு சமயத்தில் விலையை நிர்ணயிக்கும்படி ஜனங்கள் கேட்டும் நாயகம் (ஸல்) அவர்கள் நிர்ணயிக்கவில்லை. கொள்முதல் விலை ஏறினால் விற்கும் விலை ஏறுவது குற்றமன்று. இருப்பை மறைத்துவிட்டு "இல்லை" என்று சொல்வதுதான் குற்றம். அந்த ஒரு சொல்லால் எத்தனை வீட்டு உலை கொதிக்காமல் போகிறது!

இது பழங்கதை அன்று. 2023 ஜூலையில் இந்தியா பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதியைத் தடை செய்தது. அந்த செப்டம்பரில் பெர்னாஸ் நிறுவனம் இறக்குமதி அரிசியை டன் 2,350 வெள்ளியிலிருந்து 3,200 வெள்ளிக்கு உயர்த்தியது. உள்ளூர் வெள்ளை அரிசிக்கோ கிலோ 2 வெள்ளி 60 காசு என்று கட்டுப்பாட்டு விலை. உடனே உள்ளூர் அரிசி கடைகளில் அரிதாகிவிட்டது. அது இறக்குமதி அரிசிச் சாக்குக்குள் புகுந்துவிட்டதென்று குற்றச்சாட்டு எழுந்தது. அதிகாரிகள் சோதனைக்குக் கிளம்பினார்கள். 1961-ஆம் வருஷத்து விநியோகக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருக்கிறது. 2011-ஆம் வருஷத்துக் கொள்ளை லாபத் தடுப்புச் சட்டமும் இருக்கிறது. ஆனால் சாக்கு மாற்றுகிறவன் கையை ஒவ்வொரு கடையிலும் நின்று பார்க்கச் சட்டத்தால் முடியுமா?

இன்று ரப்பர்த் தோட்டங்கள் பல செம்பனையாகிவிட்டன. நம்மவர் பலர் பட்டணங்களுக்குப் போய்விட்டார்கள். இந்தோனேசியரும் வங்காள தேசத்தவரும் தோட்ட வேலைக்கு வந்திருக்கிறார்கள். பாஷை மாறியிருக்கிறது, மாதக் கடைசியில் கடை வாசலில் கேட்கும் கேள்வி மாறவில்லை: "கணக்கில் எழுதிக்கொள்ளலாமா?" கையில் காசில்லாதவன் நூறு கிராம் நூறு கிராமாக வாங்குகிறான். கிலோவாக வாங்குகிறவனைவிட அவன்தான் கிராமுக்கு அதிக விலை கொடுக்கிறான்! அவனிடம் போய்ச் சிக்கனம் பேசலாமா? சில்லறைப் பொட்டலத்துக்கும் அதே கிலோ விலையைப் போட்டுக் கொடுத்தால், அதுவே அவனுடைய அடுப்புக்கு நாம் செய்யும் உபதேசம். தட்டுப்பாடான சாமானை முதலில் வந்தவனுக்கே மூட்டையோடு தள்ளிவிடாமல், வீட்டுக்கு இவ்வளவு என்று அளந்து கொடுத்தால், கடைசியாக வருகிற பெண்ணும் வெறும் பையோடு திரும்பமாட்டாள்.

நம் வீடுகளிலும் கவனிக்க வேண்டியது உண்டு. கல்யாணப் பந்தியிலும் கந்தூரியிலும் தேக்சா கணக்கில் பிரியாணி மிஞ்சிக் குப்பைக்குப் போகிறதே, அந்த வீட்டுக்காரர் ஏழைக்குச் சிக்கனம் சொன்னால் யார் காதில் ஏறும்? நம் பாட்டிமார் உலையில் அரிசி போடுமுன் ஒரு பிடியை எடுத்துத் தனிப்பானையில் போடுவார்கள். அந்தப் பிடியரிசி மதரஸாவுக்கோ இல்லாத வீட்டுக்கோ போகும். அந்தப் பானையை மறுபடி அடுப்படியில் வைப்போம். கடையிலும் ஒன்று வைப்போம்.

உணவு குறைந்தபோது அஷ்அரீ குலத்தார் தங்களிடம் இருந்ததையெல்லாம் ஒரே துணியில் கொட்டி, ஒரே பாத்திரத்தால் அளந்து சமமாகப் பங்கிட்டுக்கொண்டார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் அவர்களைத் தம்மவர் என்று சொந்தம் பாராட்டினார்கள். தராசு பிடிக்கும் நமக்கு அதைவிட மேலான பட்டம் வேறென்ன வேண்டும்?

நமது கொள்முதலிலும் விற்பனையிலும் அடுப்படியிலும் அல்லாஹ் பரக்கத் செய்வானாக! பிறர் பசியில் லாபம் தேடும் புத்தியை நம்மை விட்டும் அகற்றுவானாக! ஆமீன்.