எதிராளி தோற்கவேண்டும் என்று ஆசைப்படலாமா?



போன மாதம் நம் வாலிபர்கள் பக்கத்துத் தெரு அணியோடு கால்பந்து ஆடி, மூன்று கோல் வித்தியாசத்தில் தோற்று வந்தார்கள். வந்ததும் ஒரே பேச்சு: "அவனுங்க ஆட்டமே முரட்டு ஆட்டம் பிரதர், அடுத்த தடவை விடமாட்டோம்." ஒரு தம்பி மட்டும் தனியாக வந்து, "பிரதர், எதிராளி தோக்கணும்னு ஆசைப்படறது தப்பா?" என்று கேட்டான். எனக்கு உடனே பதில் வரவில்லை. வீட்டுக்கு வந்து தறியில் உட்கார்ந்தபோதும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை.

அப்போதுதான் ஜகார்த்தா ஞாபகம் வந்தது. 1962 ஆசிய விளையாட்டில் இந்தியா தன் முதல் ஆட்டத்திலேயே தென் கொரியாவிடம் 0-2 என்று தோற்றது. இறுதி ஆட்டத்தில் எதிரே வந்து நின்றதும் அதே கொரியாதான்! நம் நிலைமையோ பரிதாபம். தற்காப்பு வீரர் ஜர்னைல் சிங்குக்கு, தாய்லாந்தோடு ஆடும்போது அடிபட்டுத் தலையில் தையல். கோல்கீப்பர் பீட்டர் தங்கராஜ் (மெட்ராஸ் ரெஜிமென்ட்டில் இருந்தவர்) காய்ச்சலில் கிடந்து எழுந்தவர். போதாததற்கு, இஸ்ரேலையும் தைவானையும் போட்டியில் சேர்க்காததை இந்தியப் பிரதிநிதி சோந்தி கண்டித்திருந்ததால், மைதானத்து ஜனங்கள் நமக்கு எதிராகக் கூச்சல்.

பயிற்சியாளர் எஸ். ஏ. ரஹீம், ஐதராபாத்தில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். அவர் செய்ததைக் கவனியுங்கள். பின்னால் நின்று தடுக்கிற ஜர்னைல் சிங்கை முன்னால் கோல் போடுகிற இடத்துக்கு அனுப்பினார். அரையிறுதியில் தென் வியட்நாமுக்கு எதிராகச் செய்ததை இறுதி ஆட்டத்திலும் செய்தார். முதல் ஆட்டத்தில் கொரியர்கள் பார்த்த இந்தியா வேறு, இது வேறு. 17-வது நிமிடத்தில் பி. கே. பானர்ஜி ஒரு கோல், 20-வது நிமிடத்தில் அதே ஜர்னைல் சிங் ஒரு கோல். கடைசியில் கொரியா ஒன்று போட்டும் 2-1 என்று நாம் ஜெயித்தோம். அதற்குப்பின் இன்றுவரை ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் நமக்குத் தங்கம் இல்லை.

இதைக் கோபத்தால் செய்யமுடியுமா? கோபக்காரன் எதிராளியைப் பார்க்கவேமாட்டான், தன் காயத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பான். பாவில் இழை அறுந்தால் பட்டுநூலைத் திட்டி என்ன பயன்? எந்த இழை என்று தேடி முடிச்சுப் போட்டால்தானே தறி ஓடும்!

ஒன்று மட்டும் எனக்கு உறுத்துகிறது. தையல் போட்ட தலையோடு ஒருவனைப் பந்தை முட்ட அனுப்புவது சரியா? நம் பிள்ளைகளில் ஒருவனை நான் அப்படி அனுப்பமாட்டேன். எத்தனை பெரிய ஜெயமானாலும் அனுப்பமாட்டேன். ரஹீமும் சுகவீனமாயிருந்தவர்தான், 1963-ல் புற்றுநோயால் இறந்துபோனார். அவர் தன்னையும் தாங்கிக்கொள்ளவில்லை என்பது உண்மை. ஆனாலும் உறுத்தல் போகவில்லை.

மறுவாரம் அந்தத் தம்பியைக் கூப்பிட்டேன். "அவங்க அணியில நல்லா ஆடற பையன் காய்ச்சல்ல படுத்துட்டா உனக்குச் சந்தோஷமா இருக்குமா?" என்றேன். தலை குனிந்து சிரித்தான். "அதுதான் தப்பு தம்பி. அவன் நல்லா எழுந்து வந்து, முழு பலத்தோட ஆடி, அப்பவும் நாம ஜெயிக்கணும்னு ஆசைப்படு. அதுல தப்பில்ல" என்றேன்.

பிறகு எல்லாரையும் உட்காரவைத்து, "நீங்க வாங்கின கோல் எல்லாம் எந்தப் பக்கமா வந்துச்சு?" என்று கேட்டேன். யார் யாரைத் தள்ளினான், யார் காலை மிதித்தான் என்பதெல்லாம் ஞாபகம் இருக்கிறது, இது ஒருத்தனுக்கும் தெரியவில்லை! அரைமணி நேரம் வாக்குவாதம் செய்துதான் கண்டுபிடித்தார்கள். எல்லாம் இடது பக்கம். அங்கே நிற்கவேண்டியவன் நம்மில் வேகமாக ஓடுகிற பையன். கோல் போடும் ஆசையில் முன்னாலேயே நின்றுவிடுகிறான்.

அடுத்த சனிக்கிழமை பின்னால் நிற்கச் சொல்லி அவனைக் கேட்டிருக்கிறார்கள். இன்னும் "சரி" என்று சொல்லவில்லை.