தீங்கு செய்யும் உயிரைக் கொல்வதும், கொல்வதில் இன்பம் காண்பதும்

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. அவனுடைய தூதர் முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் உண்டாவதாக.

கண்ணியத்திற்குரிய சகோதரர்களே! விளாத்திகுளம், எட்டயபுரம், கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் காட்டில் மக்காச்சோளம் போடும் விவசாயிகள் படும் பாட்டை நாம் அறிவோம். அது வானம் பார்த்த பூமி. வடகிழக்குப் பருவமழையை நம்பிக் கடன் வாங்கி விதைக்கிறார்கள். கதிர் பால் பிடிக்கும் நேரத்தில் ஒரு காட்டுப்பன்றிக் கூட்டம் இறங்கினால், தின்பது கொஞ்சம், சாய்த்துப் போடுவது அதிகம். மூன்று மாத உழைப்பு விடிவதற்குள் மண்ணாகிவிடுகிறது.

இந்த நிலையில்தான் நம் ஊர் இளைஞர் ஒருவர் கேட்டார்: “ஹஜ்ரத், கூட்டாளியோட தோட்டத்துக்கு ராத்திரி பன்றி வேட்டைக்குக் கூப்பிடுறாங்க. நாலைந்து பேர், ஜீப், டார்ச் லைட், நாய் எல்லாம் உண்டு. பயிரைக் கெடுக்கிற பன்றிதானே, தோட்டக்காரரே வரச் சொல்றார். போனா குற்றமா?”

கேள்வி நேர்மையானது. பதிலும் நேர்மையாக இருக்க வேண்டும்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுவோம். வேட்டை என்பதே மார்க்கத்தில் பாவமல்ல. ஸூரத்துல் மாயிதாவின் 4ஆவது வசனம் பயிற்சி கொடுத்த வேட்டை விலங்குகள் பிடித்துத் தருவதை அனுமதிக்கிறது. 96ஆவது வசனம் கடல் வேட்டையை ஹலாலாக்குகிறது. நபியவர்களின் சிறிய தந்தை ஹம்ஸா (ரலி) அவர்களே வேட்டையில் பேர் பெற்றவர்கள். தீங்கு செய்யும் உயிரினங்களைக் கொல்லவும் அனுமதி உண்டு. காகம், பருந்து, தேள், எலி, கடிநாய் ஆகிய ஐந்தையும் இஹ்ராமில் இருப்பவர்கூடக் கொல்லலாம் என்பது புகாரி, முஸ்லிம் இரண்டிலும் வரும் செய்தி. நம் நாட்டின் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் காகம், எலி, சுண்டெலி, பழந்தின்னி வௌவால் ஆகியவற்றைத் தீங்குயிர்கள் என்று தனிப் பட்டியலில் வைத்திருந்தது. 2022இல் செய்த திருத்தத்தில்தான் அந்தப் பட்டியல் நீக்கப்பட்டது.

ஆனால் காட்டுப்பன்றியை யார் வேண்டுமானாலும் சுடலாம் என்று இன்றும் சட்டம் சொல்லவில்லை. தமிழ்நாட்டில் 2025 ஜனவரியில் அரசு அறிவித்தபடி, காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வந்து பயிரை அழிக்கும் பன்றிகளைச் சுடலாம். சுட வேண்டியவர்கள் வனத்துறையினர். டார்ச் லைட்டுடன் போகும் நண்பர்கள் அல்ல. முயல், உடும்பு, மயில் எல்லாம் சட்டப் பாதுகாப்பில் உள்ளவை. வேட்டையாடினால் சிறைத் தண்டனை உண்டு. நாம் வாழும் நாட்டின் சட்டத்தைப் பேணுவது நம் மீதுள்ள ஒப்பந்தம். ஒப்பந்தங்களை நிறைவேற்றும்படி அதே மாயிதா ஸூராவின் முதல் வசனம் நமக்குக் கட்டளையிடுகிறது.

சட்டத்தோடு பேச்சை முடித்துக்கொள்ளலாம். ஆனால் நாளை சட்டமே அனுமதித்தால் என்ன செய்வது? அப்படி நடந்தும் இருக்கிறது. 2015 டிசம்பரில் மத்திய அரசு பீகாரில் நீலான்களைக் கொல்ல அனுமதித்தது. மொகாமா பகுதியில் வெளியூரிலிருந்து துப்பாக்கி சுடுபவர்களை வரவழைத்து 200க்கும் மேற்பட்ட நீலான்களைச் சுட்டார்கள். அதற்காக மத்திய அமைச்சர்கள் இருவர், மேனகா காந்தியும் பிரகாஷ் ஜவடேகரும், வெளிப்படையாகவே மோதிக்கொண்டார்கள். அனுமதி வந்த பிறகும் மனசாட்சியின் கேள்வி தீரவில்லை என்பதற்கு இதுவே சாட்சி.

எனவே அந்த இளைஞர் கேட்காமல் விட்ட கேள்வியை நாம் கேட்போம். விவசாயி கொன்றாலும் பன்றி சாகிறது. நான் ஆசைக்குக் கொன்றாலும் சாகிறது. இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?

முஸ்லிமில் பதிவான ஒரு நிகழ்ச்சியைப் பாருங்கள். குறைஷி இளைஞர்கள் சிலர் ஒரு பறவையைக் கட்டிவைத்து அம்பெய்து விளையாடினார்கள். குறி தவறும் ஒவ்வோர் அம்பும் பறவையின் உரிமையாளருக்கு என்பது அவர்களின் ஏற்பாடு. இப்னு உமர் (ரலி) அவர்கள் வருவதைக் கண்டதும் கலைந்து ஓடினார்கள். உயிருள்ள ஒன்றைக் குறிப்பொருளாக ஆக்குபவரை நபி (ஸல்) அவர்கள் சபித்திருக்கிறார்கள் என்று இப்னு உமர் எச்சரித்தார்கள்.

இதில் உரிமையாளரின் சம்மதம் இருந்தது. அவருக்கு லாபமும் இருந்தது. அறுத்து உண்ண அனுமதிக்கப்பட்ட பறவைதான் என்றாலும், அப்போது நடந்தது வேறு வேலை. அங்கே உயிர் விளையாட்டுப் பொருளாகிவிட்டது. சாபம் அதற்குத்தான். “தோட்டக்காரரே வரச் சொன்னார்” என்ற வாதம் இங்கே நிற்காது. அவர் தன் பயிரைக் காக்க உரிமை தரலாம். உங்கள் பொழுதுபோக்கை ஹலாலாக்கும் உரிமை அவர் கையில் இல்லை.

வித்தியாசம் முதலில் நம் உள்ளத்தில் இருக்கிறது. செயல்கள் எண்ணங்களைப் பொறுத்தவை. ஆனால் உள்ளத்தில் இருப்பது அங்கேயே நின்றுவிடாது, கைக்கும் வரும். தேவைக்காகக் கொல்பவர் தேவை தீர்ந்ததும் நிறுத்துவார். இன்பத்துக்காகக் கொல்பவருக்கு நிறுத்த இடமே கிடையாது. இன்று பன்றி அகப்படாவிட்டால் திரும்பி வரும் வழியில் ஒரு முயல். முயல் சலித்தால், வல்லநாட்டுச் சரணாலயத்தில் மிஞ்சியிருக்கும் வெளிமான் மீது கண் போகும்.

கடலோரத்தில் வாழும் நமக்கு இது புரியாத விஷயமல்ல. வலை வீசுவதும் வேட்டைதான், அது பிழைப்பு. ஆனால் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. முத்துக்குளித்த காலத்தில்கூட, பார்களைச் சோதித்துச் சிப்பி முதிர்ந்திருந்தால்தான் குளிக்க அனுமதி கொடுத்தார்கள். 1961க்குப் பிறகு இங்கே அந்தக் குளிப்பும் நடக்கவில்லை. தேவை, எல்லையை ஏற்றுக்கொள்ளும். ஆசை ஏற்காது.

சிலர் சொல்லக்கூடும்: “பன்றி ஹராமான பிராணி, அதற்கென்ன இரக்கம்?” சகோதரர்களே, அதன் இறைச்சி ஹராம் என்பதால் அதன் வேதனை ஹலாலாகிவிடாது. நம் ஷாஃபிஈ மத்ஹபில் நாயும் கடுமையான நஜீஸ்தான். பட்ட இடத்தை ஏழு முறை கழுவுகிறோம், அதில் ஒரு முறை மண் கலந்த நீரால். ஆனால் தாகத்தில் ஈர மண்ணை நக்கிய ஒரு நாய்க்காகக் கிணற்றில் இறங்கித் தன் காலணியில் தண்ணீர் மொண்டு கொடுத்தவரை அல்லாஹ் மன்னித்தான் என்று நபி (ஸல்) அவர்கள் சொல்லியிருக்கிறார்கள். நஜீஸ் என்பது நம் தொழுகைக்கும் உணவுக்கும் உரிய சட்டம். அந்த உயிரைப் படைத்தவன் அதற்குச் செய்த தீர்ப்பல்ல.

கொல்லும்போதும் அழகிய முறையில் கொல்ல வேண்டும் என்பது நபிமொழி. சுருக்குக் கம்பியில் இடுப்பு சிக்கி இரவெல்லாம் துடிப்பதும், வெடிமருந்து வைத்த அவுட்டுக்காயைக் கடித்து வாய் கிழிவதும் அழகிய முறையா? 2020 மே மாதம் கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் அப்படிப்பட்ட வெடியால் வாயில் காயம்பட்ட கர்ப்பிணி யானை ஒன்று, எரிச்சல் தாங்காமல் வெள்ளியாற்றில் இறங்கி நின்றபடியே உயிர் விட்டது. வெடிக்கு யானை எது, பன்றி எது என்று தெரியாது. வேலியில் மின்சாரம் பாய்ச்சினால் அதில் மனிதனும் சாவான்.

ஒரு நபியை ஓர் எறும்பு கடித்தது. அவர் புற்றையே எரிக்கச் சொன்னார். ஒன்று கடித்ததற்காகத் தன்னைத் துதிக்கும் ஒரு சமுதாயத்தையே எரித்தீரே என்று அல்லாஹ் அவரைக் கண்டித்தான். தீங்குக்கு எதிரான கோபத்துக்கும் அளவு உண்டு என்பது இதிலிருந்து விளங்குகிறது. வேட்டையின் பின்னாலேயே செல்பவர் கவனமற்றவராகிவிடுவார் என்ற எச்சரிக்கையும் ஹதீஸில் இருக்கிறது. இரவெல்லாம் காட்டில் அலைந்துவிட்டு ஃபஜ்ரைத் தூங்கிக் கழிப்பவருக்கு இதை விளக்கத் தேவையில்லை.

எனவே, அன்புச் சகோதரரே, உங்கள் எண்ணத்தைச் சோதிக்க ஒரு வழி இருக்கிறது. அடுத்த முறை கூட்டாளிகள் அழைக்கும்போது இப்படிச் சொல்லிப் பாருங்கள்: “துப்பாக்கி வேண்டாம், நாய் வேண்டாம், கண்ணி வேண்டாம். பரண் கட்டுவோம், தகரம் தட்டுவோம், விளக்கடித்து விரட்டுவோம். விடியும் வரை காவல் இருந்துவிட்டு, காலையில் அவரை அழைத்துப் போய் வனத்துறையில் இழப்பீட்டுக்கு மனு எழுதிக் கொடுப்போம்.” அப்போது அந்த ஜீப்பில் எத்தனை பேர் ஏறுகிறார்கள் என்று பாருங்கள். ஏறுபவர்கள் விவசாயிக்காக வந்தவர்கள். அந்த இரவு அவர்களுக்கு ஸதகாவாக எழுதப்படும், இன்ஷா அல்லாஹ். இறங்கிக்கொள்பவர்கள் எதற்காக வந்தார்கள் என்பது அவர்களுக்கே விளங்கிவிடும்.

கைக்கும் ஈட்டிக்கும் எட்டும் தூரத்தில் வேட்டைப் பிராணியை நிறுத்தி, மறைவில் தன்னை அஞ்சுபவர் யார் என்று அல்லாஹ் சோதிப்பதாக மாயிதாவின் 94ஆவது வசனம் சொல்கிறது. இறங்கியது இஹ்ராமுடையோரைக் குறித்து, படிப்பினை எல்லோருக்கும். இருட்டில், டார்ச் வெளிச்சத்தில், கண் கூசி அசையாமல் ஓர் உயிர் நிற்கிறது. யாரும் பார்க்கவில்லை. அங்கே சோதிக்கப்படுவது அந்த விலங்கு அல்ல, நாம்.

யா அல்லாஹ்! பயிரை இழந்து வாடும் விவசாயிகளுக்கு நிறைவான பகரத்தைத் தந்தருள்வாயாக. எங்கள் கைகளுக்கு வலிமை தந்த நீயே எங்கள் உள்ளங்களுக்கு இரக்கத்தையும் தந்தருள்வாயாக. ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.