விளக்கைத் தூண்டிய எலியும் பிரேம் மெஷின் மெக்கானிக்கும்

பானைக்கு மண் முதற்காரணம், சக்கரமும் கோலும் துணைக்காரணம், குயவன் நிமித்தகாரணம் என்று சைவ சித்தாந்தம் சொல்கிறது. அதே கணக்கில் உலகுக்கு மாயை முதற்காரணம், சக்தி துணைக்காரணம், சிவன் நிமித்தகாரணம். இதைப் படித்த நாளிலிருந்து எனக்குள் ஒரு கேள்வி. சக்கரத்தின் அச்சு தேய்ந்தால் அதைச் சரிசெய்து கொடுப்பவரை எந்தக் காரணத்தில் சேர்ப்பது?

அந்தமானின் லாங் ஐலண்டில் வாழ்பவர்களுக்கு இது ஏட்டுக் கேள்வி அல்ல. நாலாபுறமும் கடல், இரண்டு பருவமழை, காற்றெல்லாம் உப்பு. துடைத்து எண்ணெய் போடாத இரும்பு இங்கே நிலைப்பதில்லை. சாமி படத்துக்குச் சட்டம் போட எரட்டா ஜெட்டிக்குப் படகேறி, ரங்கத் பஜாருக்குப் போகிறோம். முருகன், வேளாங்கண்ணி மாதா, மக்கா, வங்காளிகளின் காளி என்று எல்லாப் படங்களுக்கும் அங்கே ஒரே பிரேம் கட்டர்தான் சட்டத்துக்கான பீடிங் அறுக்கிறது.

அந்தக் கட்டரைப் பழுதுபார்க்க வரும் மெக்கானிக் எங்கள் தீவுப் பெரியவர். இங்கே பிளைவுட் ஆலை ஓடிய காலத்தில் பிளேடு தீட்டிப் பழகிய கை. பிளேடைக் கழற்றிச் சாணை பிடிப்பார், மரத்தூளைச் சுரண்டி எடுப்பார், பிறகு மூலைமட்டம் வைத்துக் கோணம் பார்ப்பார். ஒவ்வொரு வெட்டும் சரியாக 45 பாகையில் விழவேண்டும். அரைப் பாகை பிசகினால் எட்டு வெட்டுக்கும் சேர்த்து நான்கு பாகை. மூன்று மூலைகளை ஒட்டவைத்துவிடலாம், நான்காவது வாய் பிளந்து நிற்கும். அந்த இடுக்கில் ஈரம் ஏறும், இரண்டு மழைக்காலத்தில் சாமியின் முகத்தில் பூஞ்சை பூக்கும். நாம் கும்பிடும் முகம் தெளிவாக இருப்பதில் அவர் கைக்கும் பங்குண்டு. ஆனால் படத்திலோ சட்டத்திலோ அவர் பெயர் கிடையாது.

ஏழாம் நூற்றாண்டில் அப்பர் என்னும் திருநாவுக்கரசர் கையில் ஏந்தியது உழவாரம். பாடிய அந்தக் கைதான் கோயில் வழியில் முளைத்த புல்லையும் செதுக்கியது. புல் மறுபடி முளைக்கும், மறுபடி செதுக்கவேண்டும். பராமரிப்பே வழிபாடு என்பதை அவரைவிடத் தெளிவாக யார் வாழ்ந்து காட்டினார்கள்?

அப்பர் அன்பினால் செய்தார், மெக்கானிக் கூலிக்குத்தானே செய்கிறார் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். இதற்கு வேதாரண்யத்து எலியின் கதையே விடை. நெய் குடிக்க வந்த எலியின் மூக்குப் பட்டுத் திரி தூண்டப்பட்டது, அணையவிருந்த விளக்கு சுடர்விட்டது. அந்த எலி மறுபிறவியில் மாவலிச் சக்கரவர்த்தி ஆனது என்கிறது தலபுராணம். எலி வந்தது தன் பசிக்காக. இறைவன் பார்த்ததோ விளக்கு எரிந்ததை. அறியாமல் செய்ததற்கே அவ்வளவு அருள் என்றால், ஒவ்வொரு கோணத்தையும் அறிந்து, அக்கறையோடு மட்டம் பார்ப்பவரின் உழைப்பைக் கூலி எப்படித் தாழ்த்திவிடும்?

ஆகவே என் கேள்விக்கு நான் கண்ட விடை இது. துணைக்காரணத்தைத் தேயவிடாமல் காப்பதும் சக்தியின் வேலைதான். அதைச் செய்கிறவர் அந்த வேலையில் கூட்டாளி. ஆயுத பூஜையன்று கட்டருக்குச் சந்தனமும் குங்குமமும் வைக்கிறோம். அன்று அதைப் பழுதுபார்ப்பவரை அழைத்து, பூஜையின் முதல் விபூதியை அவர் கையில் கொடுக்கவேண்டும். கருவியை வணங்கிவிட்டு அதைக் காப்பவரை மறந்தால் அந்தப் பூஜை பாதிதான்.