மிகுதி எது?

தன் தேவை நிறைவேறிய பின் எஞ்சுவது மிகுதி என்றும், அதனை ஒருவன் விரும்பியவாறு செலவிடலாம் என்றும் நாம் பொதுவாகக் கருதுகின்றோம். கடந்த ஆவணியில் முத்தையன்கட்டுக் குளக்கரையில் கழிந்த ஓர் இரவு இக்கருத்தை எனக்கு ஐயத்துக்குரியதாக்கியது.

மாமாவின் சிறிய லொறியில் நண்பர் நால்வர் சென்று கூடாரம் அடித்திருந்தோம். அந்த லொறியில் இரண்டு பற்றரிகள் உள்ளன. ஒன்று இயந்திரத்தை இயக்குவது; மற்றையது ஒரு சிறு குளிர்சாதனப்பெட்டிக்கு உரியது. இயந்திரம் ஓடும்போது இரண்டும் மின்னேற்றம் பெறும். அது நின்றதும் ஓர் ஆளி இரண்டையும் பிரித்துவிடும். பெட்டி எவ்வளவு மின்னைக் குடித்தாலும் வீடு திரும்புதற்குரிய மின் குறையாது.

கிரேக்க அறிஞர் எபிக்கூரசு ஆசைகளை மூன்றாகப் பகுத்தார்: இயல்பும் அவசியமும் ஆனவை, இயல்பாயினும் அவசியமற்றவை, இரண்டுமல்லாதவை. சிறு பாத்திரம் பாலாடைக்கட்டி கிடைப்பின் அதுவே தமக்கு விருந்து என்று நண்பருக்கு எழுதியவர் அவர். மாமாவின் ஆளியும் ஏறத்தாழ அவருடைய பகுப்பையே செய்கின்றது. முதலாவது பற்றரி அவசியம், இரண்டாவது வசதி. ஆகவே நண்பகலில் பன்னிரண்டு சோடாப் போத்தல்களைப் பெட்டியில் அடுக்கியபோது எம் மனச்சான்று சிறிதும் உறுத்தவில்லை.

மாலையில் அருகிலிருந்த வாடியிலிருந்து மீனவர் ஒருவர் வந்தார். தாயாருக்கென அன்று பெற்ற இன்சுலின் குப்பிகள் இரண்டை விடியும்வரை வைத்திருக்க முடியுமா என்று கேட்டார். உடனே இசைந்தோம், உள்ளூரச் சற்றுப் பெருமையும் கொண்டோம். இன்சுலின் உறைந்தால் பயனற்றுப்போகும் என்பதை நினைவூட்டிப் பெட்டியின் குளிரைக் குறைத்தவர் மாமாவே.

நள்ளிரவில் பெட்டி நின்றது. கணக்கு எளியது. 12 வோல்ற்று, 100 ஆம்பியர்-மணிப் பற்றரியில் இருப்பது 1200 வாற்று-மணி. ஈயப் பற்றரி கெடாதிருக்க வேண்டுமாயின் அதிற் பாதியையே எடுக்கலாம். 50 வாற்றுப் பெட்டி விட்டுவிட்டு ஓடினால் அது ஒரு நாளுக்குப் போதும். சூடான போத்தல்களைக் குளிர்விக்க இடைவிடாது ஓடியமையால் பன்னிரண்டு மணித்தியாலத்தில் முடிந்துவிட்டது.

முதலாவது பற்றரியை இணைப்போம் என்றான் நண்பன். யானை நடமாடும் காட்டில் லொறி இயங்காவிட்டால் என்ன செய்வது என்று மாமா மறுத்தார். இயந்திரத்தை ஓடவிடவோ, டீசல் ஒட்டுசுட்டான் வரைக்கே இருந்தது. இறுதியில் மாமா வாடிக்குச் சென்று மீனவரை எழுப்பினார். அவர் ஈரமணல் நிரப்பிய மண்பானையுடன் வந்து, குப்பிகளை உலர்ந்த துணியிற் சுற்றி அதனுள் வைத்தார். சில மணிநேர வெப்பத்தால் அம்மருந்து கெடாது. எவருக்கும் தீங்கு நேரவில்லை.

எனினும் வினா எஞ்சுகின்றது. மாலையில் வரப்போகும் வேண்டுகோளை நண்பகலில் அறியாத நாம் குற்றவாளிகளா? அல்லர் என்றே வழக்குரைப்போர் கூறுவர். சோடாவைக் குளிர்வித்தது குற்றம் என்று நானும் கருதவில்லை. இரவு முடியுமுன்னரே அதனை மிகுதி என்று பெயரிட்டதே பிழை. ஆளி எம்முடைய திரும்புதலை மட்டுமே காத்தது; வாடியில் ஒருவர் இருப்பது அதற்குத் தெரியாது. தெரிந்திருக்க வேண்டியவர்கள் நாம். மேலும், வாக்குக் கொடுத்த வேளையில் மின்னிற் பெரும்பகுதி செலவாகிவிட்டிருந்தது. எஞ்சியதை அளந்து பார்க்காமலே கொடையாளர் ஆனோம். மணிமேகலையின் அமுதசுரபி குறையாதது. அங்கே ஈதலுக்குக் கணக்குத் தேவையில்லை. பற்றரியோ குறைவது. குறைகின்ற பொருளை வைத்திருப்பவனுக்கு அளத்தலும் அறத்தின் ஒரு பகுதியாகின்றது.

இதனை மாமாவிடம் நான் விளக்க முற்பட்டது வீண்வேலை. 1990களின் பொருளாதாரத் தடையில் வன்னிக்குப் பற்றரி வருவது தடுக்கப்பட்டிருந்தது; சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட தலைமுறை அவருடையது. பற்றரியைப் பற்றி அவர் மிகுதி என்ற சொல்லை வழங்கி நான் கேட்டதில்லை.

விடிந்ததும் மீனவர் குப்பிகளுடன் சென்றார். லொறி முதல் முயற்சியிலேயே இயங்கியது. சோடாவை ஒட்டுசுட்டானில் நிறுத்திக் குடித்தோம், இளஞ்சூடாக இருந்தது.