பூவுக்குக் கணக்கு உண்டா?

வியாபாரிகளாகிய நமக்கு எதையும் தராசில் வைத்துப் பார்க்கும் பழக்கம் உண்டு. அது குற்றமன்று. ஹலாலாகச் சம்பாதித்த பொருளில் ஒரு காசும் வீணாகக் கூடாதென்பது பெரியோர் நமக்குக் கற்றுத் தந்த பாடம். ஆகவேதான், உலு திராமில் என் வீட்டு முன்புறம் தொங்கும் ஆர்க்கிட் செடிகளைப் பார்க்கும் நண்பர்கள் சிலர், "இது தின்னவும் ஆகாது, தொடுத்துச் சூடவும் ஆகாது, வாசனையும் கிடையாது. இதற்குப் பணத்தையும் நேரத்தையும் செலவிடுவது விரயமல்லவா?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. ஆராய்ந்து பார்ப்போம்.

முதலில் சரக்கு இன்னதென்று அறிய வேண்டும். ஆர்க்கிட்டின் விதை தூசியைப் போன்றது. ஒரே காயில் இலட்சக்கணக்கில் இருக்கும். ஆனால் நெல்லுக்கும் பயறுக்கும் உள்ளதுபோல் அதற்குள் கட்டுச்சோறு கிடையாது. காட்டில் ஒருவகைக் காளான் இழை அதற்கு உணவூட்டினால்தான் முளைக்கும். சர்க்கரையும் அகர் அகரும் சேர்த்த குப்பியில் அதை முளைக்க வைக்கலாமென்று 1922இல் அமெரிக்கரான நட்சன் என்பவர் காட்டினார். 1928 முதல் சிங்கப்பூர் தாவரத் தோட்டத்தில் ஹோல்ட்டம் என்பவர் ஒரு வகைப் பூவின் மகரந்தத்தை மற்றொரு வகைப் பூவில் சேர்த்துப் புதுப்புதுக் கலப்பினங்களை உண்டாக்கினார். இன்று நம் வாசல்களில் தொங்குபவை பெரும்பாலும் இத்தகைய கலப்பினங்களே. விதை முளைத்துப் பூவாவதற்குச் சில ஆண்டுகள் செல்லும்.

அதற்கும் முந்திய கதை ஒன்று வியாபாரிகளுக்குச் சுவையானது. சிங்கப்பூரில் ஆர்மீனிய வணிகர் ஒருவரின் மகளான ஆக்னஸ் ஜோவாக்கிம் என்ற அம்மையார், மலாய் மண்ணின் வாண்டா ஒன்றையும் பர்மாப் பக்கத்து வாண்டா ஒன்றையும் கலந்து ஒரு செடியை வளர்த்தார். 1893இல் தாவர அறிஞர் ரிட்லி அதற்கு அவர் பெயரையே இட்டு உலகுக்கு அறிவித்தார். 1899இல் மலர்க்கண்காட்சியில் அதற்கு முதற்பரிசு கிடைத்தது. அதே ஆண்டில் அம்மையார் காலமானார். பிற்காலத்தில் ஹவாயில் அந்தப் பூவை மாலைக்காக ஏராளமாகப் பயிரிட்டு வேறு பலர் பணம் பார்த்தார்கள். 1981இல் அது சிங்கப்பூரின் தேசிய மலராயிற்று. அம்மையாரின் பேரேட்டில் விழுந்த வரவோ ஒரு பரிசு மாத்திரம். நம் தராசில் இதை எந்தத் தட்டில் வைப்பது?

எனக்குத் தோன்றுவது இது. இலாபம் தராத யாவும் விரயம் என்று சொல்ல முடியாது. விரயத்தை நிறுக்க இரண்டு படிக்கற்கள் உண்டு.

முதற்கல், பிறர் ஹக்கு. சிப்பந்தியின் சம்பளம், வாங்கிய கடன், ஜகாத், பிள்ளைகளின் படிப்பு ஆகிய இவற்றில் எதையேனும் நிலுவை வைத்துவிட்டு விலையுயர்ந்த செடியை வாங்கி மாட்டினால், அது பூவன்று, வாசலில் தொங்கும் கடன் சீட்டு.

இரண்டாவது கல், பூக்காத காலம். பெருநாள் சமயத்தில் பூத்த செடியை வாங்கி, விருந்தாளிகளுக்குக் காட்டி, பூ உதிர்ந்ததும் குப்பையில் எறிந்துவிடுவோர் உண்டு. அவர்கள் செலவு என் செலவைவிடக் குறைவாக இருக்கலாம். ஆயினும் அதைத்தான் நான் விரயம் என்பேன். டென்ட்ரோபியத்தின் பூக்கொத்து சில வாரம் நிற்கும். பிறகு பல மாதம் வெறும் தண்டும் இலையும் வேருந்தான். அக்காலத்திலும் காலையில் தண்ணீர் தெளிக்க வேண்டும். வேர் அழுகியதா என்று பார்க்க வேண்டும். ஒன்றும் தராத காலத்தில் ஒன்றைப் பேணுவது என்பது கடையில் உட்கார்ந்தே பழகிய மனத்துக்கு எளிதில் வராத பயிற்சி.

அந்தப் பயிற்சி எங்கே செல்லுபடியாக வேண்டும்? இருபது ஆண்டு நம் கல்லாவுக்கு முன் நின்று மூட்டு தேய்ந்துபோன பழைய சிப்பந்தியிடம். வருஷக்கணக்கில் நம்மிடமே சாமான் வாங்கி, இன்று வேலையிழந்து நிற்கும் தோட்டத்துத் தொழிலாளியிடம். ஊரில் நம் கடிதத்தையும் தொலைபேசியையும் எதிர்பார்த்திருக்கும் வயோதிகப் பெற்றோரிடம். இவர்களெல்லாம் ஒரு காலத்தில் நமக்காகப் பூத்தவர்கள்.

"இதைக் கற்க ஆர்க்கிட் வேண்டுமா?" என்று கேட்கலாம். வேண்டியதில்லை. செடியே வளர்க்காமல் இக்குணம் வாய்க்கப்பெற்றோர் பலர். அன்றியும், நாள்தோறும் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு பழைய சிப்பந்தியின் ஸலாமுக்கு முகம் திருப்புகிறவன் வீட்டில், அச்செடி இலவசமாக வந்திருந்தாலும் விரயமே.

மற்றொன்று. "என் பூ" என்று பெருமையடிப்பதற்கும் இதில் இடமில்லை. மனிதன் மகரந்தத்தை எடுத்து வைத்தான், குப்பியைக் கழுவினான், காத்திருந்தான். நிறத்தையும் வடிவத்தையும் தந்தவன் படைத்தவன். நமக்குள்ளது பார்த்து நன்றி செலுத்தும் பாக்கியம்.

ஆகவே சகோதரர்களே, வீட்டில் இரண்டு தொட்டி மாட்ட விரும்புவோர் தாராளமாக மாட்டுங்கள். அதற்கு முன் கணக்குப் புத்தகத்தில் பிறருக்குரிய பாக்கியைத் தீர்த்துவிடுங்கள். பூ உதிர்ந்த மறுநாளும் தண்ணீர் ஊற்றுங்கள். பூக்காத காலத்து மனிதர்களையும் பேணும் உள்ளத்தை வல்ல நாயன் நமக்கு அருள்வானாக, ஆமீன்.