ரோகிணியும் பெரியாறும்



சென்ற பௌர்ணமியன்று தம்பானூரில் யாம் அறவுரை முடித்த வேளையில், கம்பத்து உழவர் ஒருவரும் வண்டிப்பெரியாற்றுத் தோட்டத் தொழிலாளி ஒருவரும் எழுந்து, "ஐயா, முல்லைப்பெரியாற்று நீர் யாருக்கு உரியது?" என வினவினர். இருவரும் தமிழரே. ஒரு நாழிகை மழைக்கு முழங்காலளவு நீர் தேங்கும் தம்பானூரில் நின்று நீருக்கு வழக்காடுவது வேடிக்கைதான், வினா வேடிக்கையன்று.

ததாகதர் காலத்திலும் இத்தகைய வழக்கு எழுந்ததுண்டு. சாக்கியருக்கும் கோலியருக்கும் நடுவே ரோகிணி ஓடிற்று. இரு நாட்டாரும் ஓர் அணை கட்டி அந்நீரையே பாய்ச்சி வந்தனர். ஆனித் திங்களில் பயிர் வாடவே, எஞ்சிய நீர் ஒரு கரைக்கே போதும் என்று இருபுறத்து வயலாட்களும் வாதிட்டனர். வாதம் வசையாயிற்று, வசை முற்றிப் படை திரண்டது. பெருமான் அங்கெழுந்தருளி, எதன்பொருட்டுப் போர் என வினவினார். அரசர் அறியார், சேனாபதியைக் கேட்டனர். அவரும் அறியார். இவ்வாறு படிப்படியாகக் கீழிறங்கி, வயலில் உழைத்த அடிமைகளையும் கூலியாட்களையும் கேட்ட பின்னரே, நீருக்காக என்னும் விடை கிடைத்தது. நீரின் விலை யாது, வீரர் உயிரின் விலை யாது என்று பெருமான் கேட்டதையே பலரும் எடுத்துரைப்பர். பஞ்சாலையில் கூலியாளாய் இருந்த எமக்கோ, விடையறிந்தவன் கூலியாள் என்னும் இடமே நெஞ்சில் தைக்கின்றது.

சாக்கியரும் கோலியரும் உறவினர். வலிமையிலும் ஏறத்தாழ நிகரானவர். பெரியாற்றில் அந்நிகர் இல்லை. 1886 அக்டோபர் 29இல் ஒப்பமிட்ட இருவரில் ஒருவர் பிரிட்டிஷ் பேரரசு. மற்றவர் அப்பேரரசின் மேலாண்மைக்கு உட்பட்ட திருவிதாங்கூர். 8,000 ஏக்கர், ஏக்கருக்கு ஆண்டொன்றுக்கு 5 ரூபாய், 999 ஆண்டுகள்! வாடகை நிலத்துக்கே, நீருக்கெனத் தனி விலை இல்லை. அனைத்தும் அநித்தியம் என்போர் நாம். அவர்களோ முப்பது தலைமுறைக்கு எழுதிவைத்தனர். 1970இல் வாடகை 30 ரூபாயாக உயர்ந்தது, 999 மாறவில்லை.

மேட்டில் இருப்பவனே வலியவன் என்று எண்ணுகிறோம். நைலைப் பாருங்கள். 1959இல் எகிப்தும் சூடானும் ஆண்டு நீரைத் தமக்குள் 5,550 கோடி, 1,850 கோடி கனமீட்டர் எனப் பங்கிட்டுக்கொண்டன. அந்நீரின் பெரும்பகுதி பிறக்கும் எத்தியோப்பியாவை ஒரு சொல் கேட்கவில்லை. நீர் கீழ்நோக்கி வர, ஆணை மேல்நோக்கி ஏறிற்று. யாம் பணிசெய்த ஆலையிலும் குடிநீர்க்குழாய் ஒன்றே. அதன் சாவி மேற்பார்வையாளர் இடுப்பில் இருந்தது.

எனினும், ஒப்பந்தம் கோணலாயிற்று என்பதால் அந்நீரைக் குடித்த பயிர் குற்றவாளி ஆகுமோ? 1895இல் முடிந்த அவ்வணையினால் மேற்கே ஓடிய ஆறு மலையைத் துளைத்துக் கிழக்கே திரும்பிற்று. தேனி, மதுரை, சிவகங்கை, இராமநாதபுரம் ஆகிய வறண்ட சீமைகள் அதை நம்பி நிற்கின்றன. கம்பத்து உழவரின் முன்னோர் எவரும் அத்தாளில் கையொப்பமிடவில்லை. வண்டிப்பெரியாற்றாரின் முன்னோரும் இடவில்லை. 2014இல் உச்சநீதிமன்றம் 142 அடி வரை நீர் தேக்கலாம் எனத் தீர்ப்பளித்தது. தீர்ப்பை யாம் மதிக்கிறோம். ஆயினும் சுண்ணாம்பும் சுர்க்கியும் கொண்டெழுந்த பழைய அணையின் கீழே, அடைமழை இரவில் குழந்தைகளை அணைத்துப் படுத்திருக்கும் தாய்க்கு அவ்வெண் உறக்கம் தாராது. அவள் அச்சத்தை அரசியல் என்று இகழ்தல் தகாது. உழவரின் தாகத்தைப் பேராசை என்பதும் தகாது.

உரியவர் இன்னார் என யாம் விடை கூறவில்லை. அடுத்த பௌர்ணமிக்கு இருவரையும் மீண்டும் அழைத்துள்ளோம். கம்பத்தார் வண்டிப்பெரியாற்றின் வழக்கையும், வண்டிப்பெரியாற்றார் கம்பத்தின் வழக்கையும் எடுத்துரைக்க வேண்டும் என்பது ஏற்பாடு. உழவர் சற்றே முகஞ்சுளித்தார். பின்னர், எத்தனை மணிக்கு வரவேண்டும் எனக் கேட்டறிந்து சென்றார்.