மலிவான பெட்ரோல் மட்டமானதா?

பிரிட்டனில் டெஸ்கோ, ஆஸ்டா போன்ற சூப்பர் மார்க்கெட்டுகள் பெட்ரோலும் விற்கின்றன. ஷெல், பி.பி. பங்குகளைவிடப் பெரும்பாலும் விலை குறைவு. "மலிவுச் சரக்கு இஞ்சினைக் கெடுக்கும்" என்பர் சிலர். இது நியாயமான பேச்சா?

சகோதரர்களே! அங்கு காருக்கு விற்கும் பெட்ரோல் எதுவாயினும் இ.என். 228 என்ற தரவிதிக்கு உட்பட்டாக வேண்டும். இஞ்சினைத் துப்புரவாக வைக்க ஒவ்வொரு கம்பெனியும் கலக்கும் சேர்மானத்திலேதான் முக்கிய வேறுபாடு. அதன் பயனை அறிந்து கூடுதல் விலை கொடுப்பது குற்றமன்று. உயர்ந்த ஆக்டேன் வேண்டுமெனக் காரின் கைநூல் சொன்னால் அதையே வாங்க வேண்டும். பெயருக்காகவே கொடுப்பதோ வீண் விரயம்.

விசாரியாமல் ஒருவர் சரக்கைக் கெட்டதென்பது அதனினும் பெரும் பிழை. விரயத்தில் போவது நம் காசு. அவதூறில் போவது பிறர் நாணயம்.